பர்மாவில் கூட்டுக்குடும்ப விவசாயம்: நெல், உளுந்து, வீட்டு நிர்வாகம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் பகுதிக்கு, எந்தப் பயிருக்குப் பொருந்தும்?

கீழ் பர்மாவில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாகப் பயிர் செய்யும் வயல்களுக்கு: பெகு, தன்லின், சௌத்தான், தட்டோன் பக்கம். மே நடுவில் தொடங்கும் பருவமழையில் ஒரு நெல், அக்டோபர் கடைசியில் மழை விட்டதும் அந்த ஈரத்திலேயே ஓர் உளுந்து. பாசனக் கால்வாய் உள்ள இடங்களில் கோடை நெல் போடுகிறார்கள். அதன் கணக்கே வேறு, இங்கே அதைப் பேசவில்லை.

கூடை, வீசை கணக்கு எப்படி?

ஒரு கூடை நெல் 46 பவுண்டு, அதாவது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உளுந்துக் கூடை அதே அளவு எடை இல்லை. 72 பவுண்டு, கிட்டத்தட்ட 32.7 கிலோ. ஒரு வீசை 1.63 கிலோ என்பதால் உளுந்துக் கூடைக்குச் சரியாக 20 வீசை. வெளியூர் வியாபாரியோடு பேசும்போது "எந்தக் கூடை" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுச் சமையல் அளவுக்கு ஒரு கூடைக்கு 16 பியி, ஒரு பியிக்கு 8 பால் டப்பா. டப்பா என்பது பழைய கெட்டிப்பால் டப்பாதான், இன்றும் அதுவே படி.

இவ்வளவு பேர் ஒரே வீட்டில் ஏன் இருக்க வேண்டும்? ஆள் வைத்துச் செய்யக் கூடாதா?

வருஷத்தில் பத்து மாதம் ஆள் வைத்துச் சமாளிக்கலாம். நெல் அறுப்புக்கும் உளுந்து விதைப்புக்கும் நடுவே வரும் நாட்களில்தான் முடியாது. அறுத்த வயல் வெயிலைப் பார்த்த நாளிலிருந்து களிமண் இறுக ஆரம்பிக்கும். வாடைக்காற்று அடித்தால் ஏழு முதல் பத்து நாளில் மேல்மண் வெடித்துவிடும். அதற்குள் கதிரை அறுத்து, கட்டி, வயலை விட்டு வெளியேற்றி, உழுது, விதைத்து, பரம்படித்து (பலகை இழுத்து மண்ணை மூடி) முடிக்க வேண்டும். அந்த வாரத்தில் ஊரிலுள்ள எல்லாருக்கும் அதே வேலை, கூலி ஆளும் கிடைக்காது, டோலாஜியும் (கையால் பிடித்து ஓட்டும் சிறு உழவு இயந்திரம்) கிடைக்காது.

அரிவாளால் ஓர் ஏக்கர் அறுக்க ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து பேர் வேண்டும். வீட்டில் அறுக்கக்கூடிய கை ஆறு இருந்தால் தினமும் அரை ஏக்கருக்குச் சற்று மேலே நகரும். பத்து ஏக்கர் வைத்திருக்கும் வீட்டுக்கு அதுவும் போதாது என்பதால் பக்கத்து வீட்டோடு கைமாற்றுக்குப் போவார்கள்: இன்று உங்கள் வயலுக்கு நாங்கள் ஐந்து பேர், நாளை மறுநாள் எங்கள் வயலுக்கு நீங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டால் ஐந்து ஆளைத் திருப்பித் தர முடியாது. தனிக்குடித்தனம் போன மகனும் அறுப்பு வாரத்தில் வீடு திரும்ப வேண்டியிருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் அந்த வாரத்துக்கு எப்போது தயாராக வேண்டும்?

மே மாதத்திலேயே, எந்த வயலில் எந்த நெல் என்று முடிவு செய்யும்போதே. இதில் பிழை செய்தால் நவம்பரில் எத்தனை பேர் வந்தாலும் திருத்த முடியாது.

போசான் நல்ல விலை போகும், வாசனைக்குப் பெயர் வாங்கிய நெல். ஆனால் அது பகல் நீளத்தைப் பார்த்துக் கதிர் விடும் ரகம். ஜூனில் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும் பகல் குறையும்வரை பூக்காது. அறுப்பு நவம்பர் கடைசி, பல இடங்களில் டிசம்பர். மேட்டு வயலில் அதற்குள் ஈரம் போயிருக்கும். மனோதுக்கா போன்றவை அப்படியில்லை. சுமார் 135–140 நாள் என்று எண்ணிக்கொள்ளலாம், ஜூன் நடுவில் நாற்று விட்டால் நவம்பர் முதல் வாரத்தில் அரிவாள் இறங்கும்.

எங்கள் பரிந்துரை: சீக்கிரம் காயும் மேட்டு வயலில் நாள் எண்ணக்கூடிய ரகம், பிறகு உளுந்து. சௌங் (ஓடை) ஓரத்தில் தண்ணீர் கடைசிவரை நிற்கும் பள்ளத்தில் போசான், உளுந்து கிடைத்தால் லாபம். எல்லா வயலிலும் போசான் போட்ட வீடு உளுந்தைக் கைவிட்ட வீடு. அறுப்பும் ஒரே நேரத்தில் வந்து குவியும்.

நெல் விதையைச் சோதிப்பது எப்படி? ஏக்கருக்கு எவ்வளவு?

நாற்றங்காலுக்கு, நல்ல விதையாக இருந்தால் ஏக்கருக்கு ஒரு கூடை போதும், எட்டு சென்ட் நிலம் வேண்டும். இரண்டு கூடை போடும் பழக்கம் விதையின் மீது நம்பிக்கை இல்லாததால் வந்தது. நெருக்கமாக விட்ட நாற்று மெலிந்து உயரமாக வளர்ந்து, நட்டபின் சாயும்.

பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ கல் உப்பைக் கரைத்து ஒரு புது முட்டையை விடுங்கள். முட்டை மேலே வந்து காசு அளவுக்குத் தலை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னும் ஒரு பிடி உப்பு. பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், அதனால் அன்று இட்ட முட்டையாக எடுக்கவும். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டிக் கலக்கினால் சாவியும் (மணி பிடிக்காத பதர்) அரைமணியும் மேலே வரும். அவற்றை வழித்துக் கோழிக்குப் போடலாம். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். பிறகு 24 மணி நேரம் ஊறல், 24 முதல் 36 மணி நேரம் ஈரச் சாக்கில் மூட்டம். முளை வேராக நீண்டுவிட்டால் விதைக்கும்போது ஒடியும், வெள்ளை முனை தெரிந்ததும் விதைத்துவிடுங்கள்.

அறுப்பு இயந்திரம் வந்துவிட்டதே, கை ஆள் இன்னும் வேண்டுமா?

இயந்திரம் ஓர் ஏக்கரை ஒரு மணி நேர அளவில் முடிக்கும், நாட்களை மிச்சப்படுத்தித் தரும். கூலி கொடுத்தால் போதும் என்று நினைக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வயல் காய்ந்திருக்கிறதா. அறுப்புக்குப் பத்து நாள் முன்பே மடை திறந்து வடித்திருக்க வேண்டும். ஈர வயலில் இறங்கிய இயந்திரம் பதித்த தடத்தில் பின்னால் தண்ணீர் நிற்கும், அந்த இரண்டு வரியிலும் உளுந்து மஞ்சளாகிச் செத்துப் போகும். ஜனவரியில் வரப்பில் நின்று பார்த்தால் இயந்திரம் போன வழி அப்படியே தெரியும். இரண்டு, சாய்ந்த பயிர். சாய்ந்த பக்கத்துக்கு எதிராக ஓட்டச் சொல்லாவிட்டால் கதிர் தரையில் தங்கிவிடும். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: வைக்கோல். கையால் அறுத்த தாள் நீளமாக வரும், போர் போட்டால் அடுத்த மழைவரை மாட்டுக்குத் தீனி. இயந்திரம் உதறிவிட்டுப் போவதோ துண்டு துண்டாய் வயலில் கிடக்கும். உழவு மாடு வைத்திருக்கும் வீடு இரண்டு ஏக்கரையாவது கையால் அறுத்து வைக்கோலைக் காப்பாற்ற வேண்டும்.

உளுந்து விதைக்க ஈரம் சரியா என்று எப்படித் தெரியும்?

மூன்று விரல் ஆழத்துக்குக் குத்தி ஒரு பிடி மண் எடுங்கள். உள்ளங்கையில் வைத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். சப்பென்று அப்பிக்கொண்டால் இன்னும் ஈரம், இரண்டு நாள் பொறுக்கவும். இரண்டு மூன்று துண்டாய் உடைந்தால் அன்றே ஏர் பூட்டுங்கள். உருண்டையே பிடிபடாமல் உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது. அந்த வயலில் விதையை வீணாக்க வேண்டாம். ஒரே வயலில் மேட்டில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, பள்ளத்தில் ஒரு முறை பார்ப்பது அவசியம். மேடு முதலில் காயும், அங்கிருந்து தொடங்கிப் பள்ளத்தில் முடிப்பது வழக்கம்.

தூவி விதைப்பதானால் ஏக்கருக்கு முக்கால் கூடை வரை ஆகும், வரிசையில் என்றால் பாதியில் முடியும். விதையோடு ரைசோபியம் (வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்) கலப்பது செலவு குறைந்த நல்ல காரியம். ஆறிய அரிசிக் கஞ்சி கால் லிட்டரில் ஒரு பொட்டலத்தைக் கரைத்து விதையில் பிசிறி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் செத்துவிடும். பூஞ்சண மருந்து போடுவதானால் முந்தின நாளே போட்டுவிடுங்கள்.

விதைத்த அன்று மாலைக்குள் பரம்பு அடிக்காவிட்டால் செய்த வேலை பாதிக்குமேல் போய்விடும். ஏர் திறந்துவிட்ட மண்ணிலிருந்து ஈரம் இரவோடு இரவாக ஏறிப் போகிறது, பலகை அதை மூடுகிறது. நான்கைந்து நாளில் முளை தெரியும். அதனால்தான் உழுபவர், விதைப்பவர், பரம்படிப்பவர் மூவரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயலில் இருக்க வேண்டும். காலையில் உழுது நாளை விதைக்கலாம் என்ற பேச்சு இந்தப் பயிரில் இல்லை.

முளைத்த பிறகு எது கெடுக்கும்?

டிசம்பரில் எதிர்பாராமல் பெய்யும் மழை. ஒரு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகும். விதைத்த மறுநாளே பதினைந்து அடிக்கு ஒரு மண்வெட்டி அகல வாய்க்கால் இழுத்து வையுங்கள்.

அடுத்தது மஞ்சள் தேமல். இளம் இலையில் மஞ்சள் புள்ளி தெளித்தாற்போல் தொடங்கிச் செடி முழுக்க மஞ்சளாகும். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி என்பதால் செடிக்கு மருந்து கிடையாது. முதல் முப்பது நாள் வரை கண்ட செடியைப் பிடுங்கிப் புதைக்க வேண்டும். இந்த வேலைக்குக் கண் கூர்மையான பிள்ளைகளை விடச் சிறந்த ஆள் இல்லை. தாமதமாக விதைத்த வயலில் இது கூடுதலாக வரும், மறுபடியும் அந்தப் பத்து நாள் கணக்குத்தான்.

பூக்கும்போது டிஏபி உரக் கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு நன்றாக இருக்கும். நான்கு கிலோ டிஏபியை 20 லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, மறுநாள் தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி ஓர் ஏக்கருக்கு மாலையில் தெளிக்கவும். 15 நாள் கழித்து இன்னொரு முறை. அடி வண்டலை ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

காய் பத்தில் எட்டு கறுத்ததும், பனி ஈரம் இருக்கும் விடியலிலேயே அறுக்க வேண்டும். வெயில் ஏறினால் காய் வெடித்து மணி வயலிலேயே சிந்தும்.

வீட்டில் யாருக்கு என்ன வேலை?

வயசானவர்களுக்கு "சும்மா இருங்கள்" என்று சொல்வது தவறு. தாத்தா கையில் மடை, விதை, நாள் மூன்றும் இருக்கட்டும். மண் உருண்டையைப் பார்த்து "இன்றைக்கு" என்று சொல்ல வேண்டியவர் அவர், அந்த முடிவை ஒருவர்தான் எடுக்க வேண்டும். ஆயாவுக்குக் களத்துக் காவல், கோழி, கைக்குழந்தை. பெரியப்பா, அப்பா, சித்தப்பா வயதினர் உழவும் வெளி வியாபாரமும் பார்க்கலாம். டோலாஜி ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் ஓட்டும் டோலாஜிக்கு எண்ணெய் மாற்றிய நாள் யாருக்கும் தெரியாது.

நடவும் களையும் பெண்கள் வேலை என்று விட்டுவிட்டு, அடுப்பும் அவர்கள் தலையிலேயே இருந்தால் அறுப்பு வாரத்தில் வீடு முறியும். மருமகள்கள் முறை வைத்து, ஒருத்தி அடுப்பு, மற்றவர்கள் வயல் என்று வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வது நியாயம். புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் வருஷம் அடுப்பையே கொடுத்துவிடும் பழக்கத்தை விட வேண்டும்.

சாப்பாட்டுக்கு எவ்வளவு நெல் ஒதுக்க வேண்டும்? வயலுக்கு என்ன கொண்டுபோவது?

பெரியவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 12 கூடை நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 250 கிலோ நெல், ஆலையில் 60 முதல் 65 சதவீதம் அரிசி கண்டால் 150–160 கிலோ. பன்னிரண்டு பேர் வீட்டுக்கு 144 கூடை. ஏக்கருக்கு 70 கூடை விளையும் வயலானால் இரண்டு ஏக்கர் சாப்பாட்டுக்கே போகிறது. கைமாற்று ஆளுக்குச் சோறு போடுவதும் இந்தக் கணக்கில் வர வேண்டும், அதைச் சேர்க்காமல் விற்றுவிட்டு ஆகஸ்டில் வெளியே அரிசி வாங்கும் வீடுகள் உண்டு.

வயலுக்கு விடியலில் பழைய சோறு, வெங்காயம், பொரித்த கருவாடு. பத்து மணிக்கு மேல் சோறும் புளிச்சக்கீரைக் குழம்பும். கீரை வரப்போரத்தில் தானாக வளரும், ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) ஒரு விரல் நுனி கரைத்தால் வேறு மசாலா வேண்டாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? சண்டை இதில்தானே வருகிறது?

ஆமாம், இதில்தான். ஒரு நல்ல வழி: நெல் பொதுவுக்கு, உளுந்து பிரிவுக்கு. நெல்லிலிருந்து விதை, சாப்பாடு, உரக்கடன், வைத்தியம், கோயில் வரி எல்லாம் பொதுவில் போகட்டும். உளுந்துப் பணத்தை உழைத்த ஜோடிகளுக்குச் சமமாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். கையில் காசு காணாத மகன்தான் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ கிளம்புகிறான், அறுப்பு வாரத்தில் இரண்டு கை குறைகிறது.

உளுந்துப் பணத்தை வரும் முன் செலவழிக்காதீர்கள். பர்மா உளுந்தின் பெரிய வாங்குநர் இந்தியா. 2017-இல் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு அளவு வைத்ததும் இங்கே விலை விழுந்தது. 2021-இல் வருஷத்துக்கு 2,50,000 டன் உளுந்து எடுப்பதாக ஐந்து ஆண்டு ஒப்பந்தம் வந்தது நிம்மதி தந்தாலும், விலை டெல்லியில் மாறும் ஓர் உத்தரவைச் சார்ந்தே இருக்கிறது.

நிலம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

2012 விவசாய நிலச் சட்டப்படி நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமைக்குப் படிவம் 7 சான்று. அது தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால் வாரிசு மாற்றம் பதிவு செய்யும்வரை விற்பதிலும் கடன் வாங்குவதிலும் தடங்கல் வரும். அவர் நடமாடும்போதே உட்கார்ந்து பேசி எழுதிவிடுங்கள்.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: அடையாள அட்டையில் பர்மியப் பெயர், பழைய வரி ரசீதில் தமிழ்ப் பெயர், ஆவணத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்தோடு ரசீதுகளுடன் வையுங்கள். அந்தச் சாட்சிகளும் வயசானவர்கள், தள்ளிப்போடக் கூடாது.

பாகம் பிரித்தாலும் வரப்பைப் பிரிக்காமல் இருப்பது நல்லது. மூன்று அண்ணன் தம்பிக்கு மூன்று துண்டு போட்டால் இரண்டு வரப்பு கூடும், மடைச் சண்டையும் கூடவே வரும். உரிமையைக் காகிதத்தில் பிரித்து, உழவையும் அறுப்பையும் சேர்ந்தே செய்யலாம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படித் தங்கும்?

பள்ளி பர்மிய மொழியில். மார்ச் முதல் மே வரை விடுமுறை, உளுந்து முடிந்து வீடு ஓய்ந்திருக்கும் நேரம், கோயில்களில் தமிழ் வகுப்பு நடத்த ஏற்றது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: வயல் கணக்கு நோட்டைத் தமிழில் வைத்து, ஆயா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். நாள், வயல் பெயர், எத்தனை கூடை, எத்தனை ஆள். பாடப்புத்தகத்தை விட அந்த நோட்டில் எழுத்து சீக்கிரம் படியும், மே மாதம் ரகம் முடிவு செய்ய போன வருஷத் தேதிகளும் கையில் இருக்கும்.

அறுப்பில் கண்ணாடி விரியன் கடித்தால்?

கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மெட்டி, மோதிரம், வளையல், காலுறை எல்லாவற்றையும் உடனே கழற்றவும், வீங்கிய பிறகு வராது. காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மூலிகை வைப்பது எதுவும் வேண்டாம். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைத் தாக்கும், கீறினால் ரத்தம் நிற்காது. சிறுநீர் குறைந்தாலோ சிவந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுப்புக்கு இறங்கும் எல்லாருக்கும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் வாங்குவதும், தாளைக் கையால் அணைக்கும் முன் குச்சியால் தட்டுவதும் கட்டாயம்.

அடுத்த வருஷ விதையை எப்படி வைப்பது?

உளுந்தை மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்து, கடித்தால் பல்லில் நசுங்காமல் உடையும் பதம் வந்ததும் நிழலில் ஆறவிடவும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பிறகு அடுப்புச் சாம்பல் கலந்து டிரம்மில் வாய்வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். காலி இடம் விட்டால் வண்டுக்கு அங்கே காற்று கிடைக்கும். சாப்பாட்டு உளுந்தை உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டுத் தொல்லை வெகுவாகக் குறையும்.

நெல் விதையும் உளுந்து விதையும் இரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒன்று பரணில், இன்னொன்று மேட்டிலுள்ள உறவினர் வீட்டில். 2008 மே 2, 3-இல் நர்கிஸ் புயல் கடலை வயலுக்குள் கொண்டுவந்தபோது உழவு மாட்டோடு விதையும் போனது, நாற்று விடும் பருவம் நெருங்கிய நேரம். பரணில் வைக்கும் டிரம்மைக் கயிற்றால் உத்திரத்தோடு கட்டி, மூடிமேல் ரகத்தின் பெயரையும் அறுத்த தேதியையும் எழுதிவிடுங்கள்.